மேட்டழகிய சிங்கர் தலையசைத்த இடம்

ஸ்ரீரங்கம் போகிறவர்களில் பாதிப் பேர் பெரிய பெருமாளைச் சேவித்த கையோடு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தாயார் சந்நிதி வரை வருகிறவர்களும் எதிரிலுள்ள நாலுகால் மண்டபத்தைக் கண்டுகொள்வதில்லை. கால் வலித்தால் உட்கார ஒரு நிழல், அவ்வளவுதான். கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றியது அங்கேதான் என்பது கோயில் வழக்கு.

அரங்கேற்றம் ஒன்றும் சுலபமாக நடந்துவிடவில்லையாம். "நம் சடகோபனைப் பாடினாயோ?" என்று அரங்கனே கேட்க, நம்மாழ்வார் மேல் சடகோபர் அந்தாதி பாடிவிட்டு வந்தார். அப்புறம் இரணியன் வதைப் படலத்தில் சிக்கல். வால்மீகியின் யுத்த காண்டத்தில் இந்தக் கதை கிடையாது. கம்பரோ, ராவணனுக்குப் புத்தி சொல்லும் வீடணன் வாயில் பிரகலாதன் கதையை நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளாக வைத்துவிட்டார். மூலத்தில் இல்லாததை எப்படி ஏற்பது என்று பண்டிதர்கள் மடக்கினார்கள். நரசிம்மரான சிங்கப் பெருமாளே தீர்ப்புச் சொல்லட்டும் என்று கம்பர் பாடத் தொடங்க, பக்கத்தில் மேட்டின்மேல் இருக்கும் அழகிய சிங்கர் தலையை அசைத்து ஆமோதித்தாராம். வால்மீகி எழுதாத கதைக்கு அந்தக் கதையின் நாயகனே சாட்சி! எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும்.

படியேறி சிங்கரைச் சேவித்தேன். அர்ச்சகர் காட்டிய கற்பூர ஒளியில் திருமுகம் நன்றாகத் தெரிந்தது. இறங்கி வந்து மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு, கொண்டுபோயிருந்த யுத்த காண்டத்தைப் பிரித்தேன். "இந்நின்ற தூணினும் உளன், நீ சொன்ன சொல்லினும் உளன்." தூண் எல்லாருக்கும் தெரியும். 'அவன் எங்கே?' என்று கேட்கிறானே இரணியன், அந்தக் கேள்விக்குள்ளேயும் அவன் இருக்கிறான் என்பதுதான் கம்பர். கொஞ்சம் சத்தமாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் பேரனுக்குப் புளியோதரை ஊட்டிக்கொண்டிருந்த பாட்டி திரும்பினார்.

"என்ன பாட்டுப்பா அது?"

"கம்பராமாயணம் பாட்டி. பிரகலாதன் சொல்றது."

"தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான். அதானே?" என்றவர், பேரன் பக்கம் திரும்பி, "கேட்டியாடா? வாயைத் திற" என்றார்.

போகிறவர்கள் மதியம் நடை சாத்துவதற்குள் சிங்கரைச் சேவித்துவிடுங்கள். மண்டபத்துக்கு அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம்.