காற்றாடிமலைக்கு வழி கேட்கப் போகிறவர்களுக்கு

கூட இருந்தவனே குழி பறித்துவிட்டான் என்று நொந்து வருகிறவர்கள் நேரே காற்றாடிமலையில் ஏறிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட மறைசாட்சி புனித தேவசகாயத்திடம் அழுதுவிட்டு மட்டும் போகாமல், இனி என்ன செய்ய என்று வழி கேட்கவும் வருகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் தொடங்குவது நல்லது. நாகர்கோவிலிலிருந்து தக்கலைப் பேருந்தில் காலையிலேயே ஏறி, தக்கலைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும்.

அங்கே முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் அவர் முழங்கையால் இடித்த இடத்தில் சுரந்த நீர். குழி சின்னது, குடத்தோடு வந்து வரிசையை நிறுத்தாதீர்கள். அரை லிட்டர் பாட்டில் தாராளம்.

பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. பலர் இதை விட்டுவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது வருத்தம். உள்ளே பழைய சிற்றாலயச் சுவர்களுக்கு நடுவே டிலனாயின் கல்லறை இருக்கிறது. தமிழிலும் இலத்தீனிலும் எழுத்து. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி. மாடுகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்திருந்த அரண்மனை அதிகாரி நீலகண்டனுக்கு (தேவசகாயத்தின் பழைய பெயர்), எல்லாம் இழந்தும் கடவுளை விடாத வேதாகம யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். அந்த யோபு கதையிலிருந்துதான் 1745 மே 14 வடக்கன்குளத்து ஞானஸ்நானம், புட்டாரி அடிகளார் கையால். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். எதிரிப் படையில் வந்து பிடிபட்டவர் கடவுளைக் காட்டினார். அரண்மனையில் அன்றாடம் முகம் பார்த்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். வழி காட்டும் ஆள் இன்னார் என்று நாமே முடிவு செய்துகொண்டு காத்திருப்பதால்தான் பல ஜெபங்களுக்குப் பதில் வரவில்லை என்று நினைக்கிறோமோ என்னவோ.

தேவசகாயத்தின்மேல் வைத்த குற்றம் என்ன தெரியுமா? ராஜ துரோகம். உளவு. பொய்யாகத்தான். வஞ்சிக்கப்பட்டவருக்கே வஞ்சகன் என்ற பட்டம். ஏமாற்றியவன் ஊர் முழுக்க நம்மைத்தான் ஏமாற்றுக்காரன் என்று சொல்லித் திரிகிற கொடுமையை அனுபவித்தவர்களுக்கு இவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மதியம் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் கல்லறை இங்கேதான். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்ய விரும்பினால் திருவிழா நாளில் வராதீர்கள், பின்னால் நிற்கும் கூட்டம் அவசரப்படுத்தும். சாதாரண வாரநாள் பாருங்கள். ஒரு பிழை எல்லோரும் செய்கிறோம்: நமக்குத் தீங்கு செய்தவனின் பாவங்களைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு, நம்முடையதைக் கடைசியில் ஒரு வரியில் முடிப்பது. குரு கேட்க வேண்டியது நம் கோபத்தையும், நாம் போட்ட சாபத்தையும்.

பிறகு கல்லறையருகே யோபு ஆகமம். முழுவதும் வேண்டாம், இரண்டாம் அதிகாரமும் நாற்பத்திரண்டாம் அதிகாரமும் போதும். நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டார்கள். அந்த நண்பர்களுக்காக யோபு மன்றாடிய பிறகே 42:10 இழந்ததெல்லாம் திரும்பியதைச் சொல்கிறது. அந்த வசனத்தை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. பெயர் சொல்லி மன்றாட முடியவில்லையா, முடியவில்லை என்பதையே மன்றாட்டாகச் சொல்லுங்கள்.

நடைமுறைக்கு மத்தேயு 18:15 முதல் 17 வரை. முதலில் தனியே போய்ப் பேசு; கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு; அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல். நாம் தலைகீழாகச் செய்கிறோம், முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்கிறார். ஆகவே கோபத்தில் வேலையை விடுவதோ சொத்தை விற்பதோ வேண்டாம். மன்னிப்பு என்றால் செக் வழக்கை வாபஸ் வாங்குவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறுப்பை விடுவது ஒன்று, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பது இன்னொன்று.

வெயில் தாழ்ந்த பிறகு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை. பாறை உச்சிவெயிலில் கொதிக்கும். வெறுங்காலோடு ஏறும் நேர்ச்சை இருந்தால் மாலைதான். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே வாடகை பேசுங்கள், இறங்கிய பிறகு பேசினால் ஜெபம் போய்விடும். மெழுகுதிரியைக் கையில் திணித்துவிட்டு விலை சொல்கிறவர்களிடமும் கவனம். காற்றில் திரி நிற்கவும் நிற்காது, கண்ணாடிக் கூண்டு இல்லாமல் ஏற்ற முயலாதீர்கள். ஜனவரி 14 நினைவுநாள், பொங்கல் நேரமும் கூட. பேருந்தில் கால் வைக்க இடம் கிடைக்காது.

மேலே மணியடிச்சான் பாறை. சிறு கல்லால் தட்டினால் மணி ஓசை. ஒருவர் தட்டும்போது மற்றவர் செல்ஃபிக்குத் தட்டி அந்த ஓசையைக் கெடுக்கிறார்கள், என்ன சொல்ல. கூட்டம் கலையும்வரை பொறுத்து, ஒரே ஒரு முறை மெதுவாகத் தட்டி, ஓசை அடங்கும்வரை காதை அங்கேயே வைத்திருங்கள்.

1752இல் இங்கேதான் அவரைச் சுட்டார்கள். சுட முடியாமல் தவித்த வீரனின் துப்பாக்கியை வாங்கி, ஆசீர்வதித்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்வார்கள். அதை நினைத்துவிட்டால் கொண்டுவந்த மன்றாட்டுப் பட்டியல் வாயில் வருவதில்லை. மறைசாட்சியே, 2022 மே 15இல் ரோமையில் உம்மைப் புனிதர் என்று அறிவித்தார்கள், எங்கள் மக்களுக்கு அதற்கு எத்தனையோ காலம் முன்பே தெரியும். இந்தக் காற்றுக்கு நன்றி, இந்தக் கல்லுக்கு நன்றி, யோபுவைச் சொன்ன அந்த டிலனாய்க்கும் நன்றி. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த அந்தக் கைக்கு, ஐயா, எப்படி நன்றி சொல்ல.