அல்ட்ரா 10-இல் இரண்டாவது டிஸ்க், ரீபூட்டோடு போகும் ஆப்ஷன்கள்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கராஜில் ஓடும் சன் அல்ட்ரா 10 என்ற பழைய ஒர்க்ஸ்டேஷன் கணினியில் இரண்டாவது ஐடிஇ டிஸ்க் மாட்டியாயிற்று. 1998-இல் வந்த மாடல், சன்னின் யூனிக்ஸான சோலாரிஸ் 9 போட்டிருக்கிறேன். கீபோர்டும் மானிட்டரும் கிடையாது. கன்சோல் (சிஸ்டம் செய்திகள் வரும், கட்டளைகள் கொடுக்கும் இடம்) தானாகவே முதல் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடும். மற்ற வேலையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து, நெட்வொர்க்கில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகத்தான்.

மாட்டி ஆன் செய்தபின், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'ஃபார்மேட்' கட்டளை பழைய டிஸ்க்கை மட்டுமே காட்டியது. புதிய சாதனங்களைத் தேடச் சொல்லிப் பூட் செய்ய வேண்டும், அதற்கு -ஆர். ரீபூட் செய்யாமல் 'டெவ்எஃப்எஸ்ஏடிஎம்' கட்டளையை ஓட்டினாலே டிஸ்க் வந்துவிடும், சரிதான். ஆனால் பூட் ஆகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அதனால் விரிவாகக் காட்டும் -வி-யையும் சேர்த்தேன்:

ரீபூட் -- -ஆர்வி

நடுவில் இருக்கும் அந்த இரண்டு கோடுகள்தான் முக்கியம். அவை இல்லாவிட்டால், பின்னால் வரும் எழுத்துகளை ரீபூட் தன்னுடைய ஆப்ஷன்களாகவே எடுத்துக்கொள்ளும். இருந்தால் அவற்றைத் தொடாமல், கணினியைப் பூட் செய்யும் ஃபர்ம்வேரான ஓபன்பூட்டிடம் கொடுத்துவிடும். சீரியல் கேபிளில் 9600 வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்: ரீசெட் ஆனதும் ஓபன்பூட் 'பூட் -ஆர்வி' என்று தானே எழுதிக்கொண்டு கிளம்பியது. சீரியலில் பிரேக் சிக்னல் அனுப்பி ஓபன்பூட்டின் ஓகே ப்ராம்ப்ட்டுக்குப் போகவே தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் ரூட் ஃபைல்சிஸ்டத்தை 'யுஎஃப்எஸ்டம்ப்', 'யுஎஃப்எஸ்ரெஸ்டோர்' வழியாகப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் அங்குள்ள 'விஎஃப்எஸ்டேப்' கோப்பில் டிஸ்க் பெயர்களை மாற்றி, 'இன்ஸ்டால்பூட்' கட்டளையால் பூட் பிளாக்கையும் எழுதினேன். பிறகு:

ரீபூட் -- டிஸ்க்1 -வி

புது டிஸ்க்கிலிருந்து நன்றாகவே எழுந்தது. சோதித்துக்கொண்டிருக்கும்போதே லோட்ஷெடிங்! கரண்ட் வந்து ஆன் செய்தால் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகிறது. இப்படிக் கொடுப்பது அந்த ஒரு தடவைக்குத்தான். கரண்ட் போனாலும் அழியாத என்விராம் நினைவகத்தில் உள்ள பூட்-டிவைஸ் அமைப்பு மாறுவதில்லை. நகல் சரியில்லாமல் போயிருந்தாலும் பழைய சிஸ்டம் பத்திரமாக இருந்திருக்கும். 'ஈப்ராம்' கட்டளையால் மாற்றினால் நாமே திருப்பி மாற்றும்வரை அதுதான் நிலைக்கும், ஆகவே சோதிக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

தூரத்திலிருந்து வேலை செய்பவர்கள், பராமரிப்புக்கான சிங்கிள் யூசர் நிலையில் எழுப்பும் -எஸ் கொடுக்காதீர்கள். சிங்கிள் யூசரில் எஸ்எஸ்எச் எழாது, கேபிளோடு பெட்டியின் பக்கத்தில்தான் போய் உட்கார வேண்டும். இன்னொன்று, 'ரீபூட்' கட்டளை, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் ஆர்சி ஸ்கிரிப்ட்களை ஓட்டி சர்வீஸ்களை ஒழுங்காக நிறுத்தாது. டேட்டாபேஸ் ஓடினால் முதலில் கையால் நிறுத்துங்கள். இல்லையென்றால் 'டச்' கட்டளையால் ரூட்டில் 'ரீகான்ஃபிகர்' என்ற வெற்றுக் கோப்பை வைத்துவிட்டு சர்வீஸ்களை ஒழுங்காக நிறுத்தி ரீபூட் செய்யும் 'இனிட் 6' கொடுங்கள். -ஆர் செய்யும் வேலை அதிலேயே முடிந்துவிடும்.