சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் படமெடுத்த அனுபவம்

மும்பையின் கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் பாதை மின்ரயிலேறி, சிவ்ரியைக் கடந்து, நாங்கள் இன்றும் பழைய பெயரான விக்டோரியா டெர்மினஸின் சுருக்கமாக வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் தினமும் இறங்குகிறேன். அந்த நிலையத்தை வடிவமைத்த எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1900இல் இந்த ஊரிலேயே இறந்து, நான் கடந்துபோகும் சிவ்ரியிலேயே அடக்கமாகியிருக்கிறார் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டும் 1926இல் மறைந்தபின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். இருவரின் கட்டடங்களையும் பலமுறை படமெடுத்திருந்த எனக்கு, அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

1865இல் மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு ஏற்படுத்திய இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் அடக்கங்கள் நடக்கின்றன. எனவே, கேமராப் பையுடன் போன என்னை வாயிலில் நிறுத்தி, எதற்காக என்று கேட்டது முற்றிலும் சரியே. எந்தக் கல்லறைகள், என்ன நோக்கம் என்று எழுதிய கடிதத்துடன் மறுபடி சென்றேன். அடக்கச் சடங்குகளையும் புதிய கல்லறைகளையும் படமெடுக்க மாட்டேன் என்பதையும் அதில் நானாகவே சேர்த்திருந்தேன்.

முதல் நாள் எடுத்த படங்கள் எதற்கும் பயன்படவில்லை. உச்சி வெயில் பளிங்கின் மேல் நேராக விழுந்ததால், அருகில் நின்று விரலால் தடவிப் படிக்க முடிந்த எழுத்துகள்கூடப் படத்தில் வெறும் வெண்மையாகவே இருந்தன. வெட்டெழுத்து தெரிய வேண்டுமானால் வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். அடுத்த ஞாயிறு விடியற்காலையில், வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மைத்துனரையும் அழைத்துச் சென்றேன். காலை வெயில் படாத, மேற்கு நோக்கிய கற்களுக்கு அவர் சில அடி தள்ளி வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைச் சாய்த்துத் திருப்பிவிட, வழவழவென்று தெரிந்த பரப்பில் ஒரு பெயரும் ஒரு வயதும் மெல்ல எழும்பி வந்ததைப் பார்த்து இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். குழந்தையின் வயது அது, மாதக் கணக்கில்.

சில கற்களில் ஈயம் பதித்த எழுத்துகள் உதிர்ந்து, அவற்றைப் பிடித்திருந்த சிறு துளைகள் மட்டுமே எஞ்சியிருக்கும். துளைகளின் அமைப்பைக் கொண்டே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிவதற்காகச் சாக்கட்டியோ மாவோ பூசுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கல்லைக் கெடுக்கும். உதிர்ந்த இலைகளைக் கையால் விலக்கியதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

ஸ்டீவன்ஸ், விட்டெட் இருவரின் கல்லறைகளுக்கும் அங்கு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வழிகாட்டினார். திரும்பும் வழியில், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று தமிழில் பொறித்த கல் ஒன்றைக் கண்டேன். அதன்மேல் அன்று காலை வைத்த சாமந்திப்பூ இருந்தது. மனம் மிகவும் இழுத்தாலும், கடிதத்தில் கொடுத்த வாக்கை நினைத்துக் கேமராவை எடுக்கவில்லை.

மூன்று ஞாயிறுகளில் 38 கற்களைப் படமெடுத்து, அவற்றின் வாசகங்களை நோட்டுப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதியிருக்கிறேன். எழுத்து அழிந்த இடங்களில் ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு வைத்தேன். ஐந்து கற்களை இன்னும் படிக்க முடியவில்லை. மழை ஓய்ந்து, மண்டிய செடிகளை வெட்டியபின், பிற்பகல் வெயிலில் அவற்றுக்காக மறுபடி போகவிருக்கிறேன்.