ஒரே வாக்குச்சாவடி, இரண்டு சின்னம்

'நம்ம ஊர்ல ஓட்டெல்லாம் கட்சி ஓட்டுதான்' என்பவர்கள் 2019 ஏப்ரல் 18-ஐக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். அன்று தமிழ்நாட்டின் 18 சட்டமன்றத் தொகுதிகளில் ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று மக்களவைக்கு, இன்னொன்று இடைத்தேர்தலுக்கு. தருமபுரி மக்களவைத் தொகுதியில் ஜெயித்தது திமுக. அதற்குள் இருக்கும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் இடைத்தேர்தலில் ஜெயித்தது அதிமுக. தேனியில் அப்படியே தலைகீழ். மக்களவை அதிமுகவுக்கு, ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்கு. (தேனியில் திமுக கூட்டணி சார்பில் நின்றது காங்கிரஸ், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இது புதுசும் இல்லை. 1980 ஜனவரியில் திமுக-காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37 இடம். அந்தத் தெம்பில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதமே சட்டமன்றத் தேர்தலில் அதிமுக 129 இடங்களோடு திரும்பி வந்தது.

இப்படி மாற்றிப் போடுபவர்களைக் காசுக்கு விலை போனவர்கள் என்று தோற்ற கட்சிக்காரர்கள் திட்டுவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எங்கள் சித்தி எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை. கேட்டால், "டெல்லிக்கு ஒருத்தன், கோட்டைக்கு ஒருத்தன். உனக்கென்னடா?" என்பார். அப்புறம் யாருக்குப் போட்டார் என்று மட்டும் சொல்லவே மாட்டார்.