மாவோகோங் மலையில் கரியில் வாட்டிய ஊலாங்

தைவான் தலைநகர் தைபேய்க்குப் போகிறவர்கள் எல்லாரும் 101 மாடிக் கட்டடத்தில் ஒரு படம், இரவுச் சந்தையில் ஒரு படம் என்று எடுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். நான் அந்தக் கட்டடத்தில் ஏறவே இல்லை. மெட்ரோவின் பழுப்புத் தடத்தில் கடைசி நிறுத்தமான மிருகக்காட்சிசாலைக்குப் போய், அங்கிருந்து ரோப்காரில் மாவோகோங் மலைக்குப் போனேன், டீ குடிக்க. சுமார் 4 கிலோமீட்டர் தூரம். 2007இல் திறந்தார்கள், அடுத்த ஆண்டே புயல் மழையில் ஒரு தூணின் அடியில் மண் அரித்துப்போய் 2010 வரை மூடிக் கிடந்ததாம். இந்தத் தகவலை உடன் வந்த நண்பர், கேபின் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார். நல்ல மனுஷன்.

இந்த மலை இருக்கும் வட்டாரம் முஜா, இங்கத்திய டீ முஜா டியேகுவான்யின், பச்சை டீக்கும் நம்மூர்க் கருப்பு டீக்கும் நடுவில் நிற்கிற ஊலாங் வகை. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜாங் நைமியாவ் என்பவர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து அன்சியிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டார். விஷயம் என்னவென்றால், 1990களுக்குப் பிறகு அன்சியிலேயே பழைய பக்குவம் பின்னுக்குப் போய், இலையைப் பச்சையாகவும் பூ வாசமாகவும் வைத்திருக்கும் பாணி சந்தையைப் பிடித்துவிட்டது. முஜாக்காரர்கள்தான் பழையபடி இலையோரம் நன்றாகச் சிவக்கவிட்டு, துணியில் மூட்டையாகக் கட்டி உருட்டி, சூடாக்கி, மறுபடி கட்டி உருட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, கடைசியில் நெருப்பில் வாட்டுகிறார்கள். நெருப்பு என்றதும் புகை என்று நினைத்துவிட வேண்டாம், புகை வாசம் வந்தால் அது குற்றம். கரி முழுக்கக் கனன்று தணிந்ததும் மேலே சாம்பலைப் போர்த்தி, அதன்மேல் மூங்கில் கூடையில் இலையை வைத்து, மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பி விடுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஆறவிட்டு அப்புறம் அடுத்த சுற்று. இப்போது பல இடங்களில் மின்சார அடுப்பும் வந்துவிட்டது. அதிலும் நல்ல டீ வருகிறது, கரி என்று சொன்னதுமே கூடுதலாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

டீக்கடைக் கணக்கு முதலில் குழப்பும். இலைப் பொட்டலத்துக்கு ஒரு விலை, அதுபோகத் தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர்க் காசு. கொடுத்துவிட்டால் கொதிக்கிற கெட்டிலும் மண் குடுவையும் நம் பொறுப்பில், எழுந்துபோ என்று யாரும் சொல்வதில்லை. பொட்டலத்தில் மீந்த இலையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், ஆறவைத்த தண்ணீரில் இந்த உருண்டை அசைந்துகொடுக்காது. முதலில் ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததை ஒரு நிமிஷம் போல விட்டு வடித்தோம். தைவானில் மோந்து பார்ப்பதற்கென்றே ஒல்லியாய், உயரமாய் ஒரு கிண்ணம் தருகிறார்கள். டீயை அதில் ஊற்றி, குடிக்கிற கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, காலிக் கிண்ணத்தை மூக்கில் வைத்தால், பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வறுக்கும்போது வருமே, அந்த வாசம்! கொஞ்சம் ஆறியதும் அது விலகி, அடியிலிருந்து வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு வந்தது.

முதல் கிண்ணத்தில் நெருப்புதான் முன்னால் நிற்கும். அதை வைத்து டீயை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. இரண்டாவது, மூன்றாவது வடிப்பில் வறுவல் வாசம் பின்வாங்கி, உலர்ந்த பழத்தில் இருக்கிற மெல்லிய புளிப்பு நாக்கின் ஓரத்தில் தட்டியது. டியேகுவான்யின்காரர்கள் தேடுவது இந்தப் புளிப்பைத்தான். துவர்ப்பு இருக்கிறது, ஆனால் வாயைப் பிடிப்பதில்லை, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பாக மாறிவிடுகிறது. ஏழெட்டு முறை ஊற்றியும் குடுவை சளைக்கவில்லை. "இதுல பால் ஊத்துனா கொலைக் கேஸ்தான்" என்றார் நண்பர், அவர் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை பால் டீ.

குடித்து முடித்ததும் சக்கை இலையை எடுத்து விரித்துப் பாருங்கள். வறுத்தவர் கைகாரர் என்றால் இலை மெதுவாகவாவது விரிந்து காம்பும் ஓரமும் தெரியும். விரியாமல் கருப்பாய்ச் சுருண்டே கிடந்தால் கருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நகரத்தில் ஒரு கடையில் அப்படித்தான், பளபளப்பான டப்பாவில் வாங்கியதில் காந்தல் தவிர வேறொன்றும் இல்லை. பழசாகிப் போன இலையின் மக்கல் வாசத்தை மறைப்பதற்கும் இந்த வறுவல் உதவும் என்பதால், ருசி பார்க்காமல் வாங்காதீர்கள். இன்னொன்று, தைவானில் டியேகுவான்யின் என்ற பெயர் செய்முறைக்கும் வழங்குகிறது, ஜின்ஷுவான் போன்ற வேறு ரகத்து இலையையும் இதே பக்குவத்தில் செய்து விற்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, விலையும் குறைவு. அசல் செடியின் இலைதான் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அன்றைக்குத்தான் வாட்டி முடித்தது என்று பெருமையாக நீட்டினால் உடனே மயங்க வேண்டாம், புது நெருப்பின் முரட்டு வாசம் அடங்கச் சில வாரமாவது, அழுத்தமாக வாட்டியதென்றால் மாதங்களும் ஆகும்.

சாப்பாட்டுக்கு, தேயிலைக் குடும்பத்துச் செடியின் விதையில் ஆட்டிய எண்ணெயில் புரட்டிய மெல்லிய நூடுல்ஸ் கிடைக்கும், நன்றாகவே இருந்தது. சைவர்கள் முட்டை, இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரோப்கார் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் ஓடாது, இடி மின்னல் என்றாலும் நிறுத்திவிடுவார்கள், அப்போது மலையிலிருந்து இறங்க பஸ் இருக்கிறது.