88.4-ஐ மறந்ததால் ஒரு ரிப்பீட்: பார்மகோலஜி எழுதப் போகிறவர்களுக்கு

வியாழக்கிழமை பார்மகோலஜி (மருந்தியல்) ரிப்பீட் பரீட்சை ரிசல்ட்ஸ் வந்தது. பாஸ். ரிப்பீட்டில் பாஸ் பண்ணினால் கிளாஸ் (சிறப்புச் சித்தி) இல்லை. பற்ச்சில் மற்றவர்கள் எல்லாம் வார்டு வார்டாகத் திரிய, நான் மட்டும் பழைய கொப்பியோடு உவர்மலை வீட்டில் குந்தியிருந்த மாதங்களை யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை. ஆனாலும் அன்றிரவு நல்ல நித்திரை வந்தது. அடுத்த முறை எழுதப் போகும் தம்பி தங்கச்சிமார் நாலைந்து பேர் எப்படிப் படித்தேன் என்று மெசேஜ் போட்டுக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லப் பொறுமை இல்லை, அதனால் மொத்தமாக இங்கே. பேப்பர் எப்படி வரும், எத்தனை கேள்வி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். கேள்வி இன்னும் மனப்பாடம். 70 வயது ஆண், நிறை 60 கிலோ, சீரம் கிரியட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு, இரத்தத்தில் அளப்பது) 265, சிறுநீர்த் தொற்று இரத்தத்துக்குப் பரவியிருக்கிறது, ஜென்டாமைசின் (சிறுநீரகம் வழியே வெளியேறும் அன்ரிபயோட்டிக்) கொடுக்க யோசிக்கிறார்கள். கிரியட்டினின் கிளியரன்ஸைக் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்ற மதிப்பீடு) கணி, டோஸை எப்படி மாற்றுவாய், எதை மொனிட்டர் பண்ணுவாய், ஏன். அதைக் கணிக்கும் கொக்ரொஃப்ட்–கோல்ட் சூத்திரம் எனக்கு நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும். 140-இல் வயதைக் கழி, நிறையால் பெருக்கு, 72 தர கிரியட்டினினால் வகு. போட்டேன். 4200-ஐ 19,080-ஆல் வகுத்தேன். நிமிடத்துக்கு 0.22 மில்லிலீற்றர். வடிவாக இரண்டு அடிக்கோடும் போட்டேன்.

0.22! சுகமான ஒருவரின் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர் அளவில் வடிக்கின்றன, நாளைக்கு 180 லீற்றர். என் கணக்குப்படி அந்த ஐயா ஒரு நாள் முழுக்க ஒரு சின்னச் சோடாப் போத்தல் அளவுதான் வடிக்கிறார். ஒரு நிமிடம் பேனையைக் கீழே வைத்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். நான் வைக்கவில்லை. மூச்சு விடாமல் எழுதிக்கொண்டே போனேன்: ஜென்டாமைசின் கூடவே கூடாது, உடனே டயலிசிஸ், இத்தியாதி.

72 வருகிற சூத்திரம் 1976-ஆம் ஆண்டுச் சூத்திரம், கிரியட்டினினை டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறது. பேப்பரில் இருந்த 265 லீற்றருக்கு மைக்ரோமோல். பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள், நான்தான் வாசிக்கவில்லை. அதை மில்லிகிராமாக மாற்ற 88.4-ஆல் வகுத்தால் 3.0, அதைப் போட்டால் கிளியரன்ஸ் 19-க்குக் கிட்ட வரும். 19 என்றால் கதையே வேறு: கொடுக்கலாம், ஆனால் டோஸ் இடைவெளியை நீட்ட வேண்டும், அடுத்த டோஸுக்கு முன் இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் காதையும் கவனிக்க வேண்டும். விடை பிழைத்தாலும் வாதம் சரியென்றால் மார்க்ஸ் உண்டு என்று சீனியர்கள் சொல்வார்கள். என் வாதத்துக்கு ஒன்றும் கிடைத்த மாதிரித் தெரியவில்லை. நான்கு பகுதிக் கேள்வி நான்கும் போய், இரண்டு மார்க்ஸில் தவறினேன்.

இது எனக்கு முழுசாக உறைத்தது முதல் முறை ரிசல்ட்ஸ் வந்த அன்று இல்லை. ஒரு மாதம் கழித்து அம்மா கிளினிக் போய் வந்து குசினிக் கதவடியில் அப்படியே இருந்துவிட்டார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், பன்னிரண்டு வருடமாக. "பிள்ளை, போன முறை ஒண்டு சொச்சம்தான் இருந்தது, இப்ப தொண்ணூற்றேழாம்" என்றார். கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு துண்டில் 1.1, வேறொரு லாப் துண்டில் 97. அலகு இரண்டிலும் இருந்தது, எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில். ஃபோனில் 97-ஐ 88.4-ஆல் வகுத்துக் காட்டினேன், 1.097. அதே சிறுநீரகம், அதே கிரியட்டினின். அதற்குள் அவர் கோணேசருக்கு ஒரு நேர்த்தியும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. எனக்கு மூன்று வருடம் படிப்பித்தார்கள், நான் செய்த பிழையும் அதேதான்.

அதனால் என் ஒரே விதி: இலக்கத்தைத் தொட முன் அலகை எழுது. கேள்வித்தாளிலேயே, பேனையால், வட்டம் போட்டு. கிரியட்டினின் இரண்டு மூன்று இலக்கத்தில் நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் மைக்ரோமோல்தான். 88.4 மறந்து போகும் என்று பயமா, அப்படியென்றால் 72-ஐயே மறந்துவிட்டு இதைப் பிடியுங்கள்: (140 − வயது) × நிறை × 1.23 ÷ மைக்ரோமோல் கிரியட்டினின். பெண்களுக்கு 1.23-க்குப் பதில் 1.04. விடை 150-க்கு மேலேயோ 5-க்குக் கீழேயோ வந்தால் திரும்ப ஒருக்கால் பாருங்கள். மிச்சப் புத்தகத்தை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுமளவுக்கு எனக்கு இது முக்கியம். மற்றவர்கள் சிரிக்கலாம், அவர்கள் ரிப்பீட் எழுதவில்லை.

சரி, மற்றவை. ஒழுங்கில்லாமல்தான் வருகின்றன:

- கிரியட்டினின் கிளியரன்ஸ் வேறு, சிறுநீரகத்தின் உண்மையான வடிகட்டல் வேறு. சிறுநீரகக் குழாய்களும் கொஞ்சம் கிரியட்டினினைச் சுரந்து விடுவதால் கிளியரன்ஸ் உண்மையை விடக் கொஞ்சம் கூடக் காட்டும். வடிகட்டலை அளக்க இனுலின் (குழாய்கள் சுரக்காத ஒரு பொருள்) ஏன் உசத்தி என்று கேட்டால் இதுதான் பதில்.
- ட்ரைமெதொப்ரிம், சிமெடிடின் ஆகிய மருந்துகள் அந்தச் சுரப்பை மறிக்கும். கிரியட்டினின் ஏறும், வடிகட்டல் அப்படியே இருக்கும். எம்சிகியூ (பல்தேர்வுக் கேள்வி) போடுகிறவர்களுக்கு இது பிடித்த பொறி.
- மெலிந்த கிழவிக்குக் கிரியட்டினின் "நோர்மல்" என்றால் நம்பாதே. தசை இல்லை, அவ்வளவுதான்.
- கிரியட்டினின் ஏறிக்கொண்டே போகும் அக்யூட் கேஸில் எந்தச் சூத்திரமும் பொய். நிலையாக நிற்கும்போதுதான் செல்லும்.
- ஏஸ் இன்ஹிபிட்டர் (ஒரு வகைப் பிரஷர் மருந்து) தொடங்கிக் கிரியட்டினின் 30 வீதம் வரை ஏறினால் பதறி நிறுத்தாதே. அதற்கு மேலே என்றால் யோசி.
- கிரியட்டினினை அளக்கும் யாஃபே முறை பிக்ரேட் என்ற இரசாயனத்தை வைத்து நிறம் பார்ப்பது. கீட்டோன் இருந்தாலும் நிறம் கூடும், அதனால் கீட்டோஅசிடோசிஸில் கிரியட்டினின் பொய்யாக ஏறி நிற்கலாம்.
- பொட்டாசியம் 6.8 என்று ஆபத்தாக வந்திருக்கிறது, ஆள் சும்மா கதைத்துக்கொண்டிருக்கிறார்: சாம்பிளில் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கசிந்திருக்கிறதா என்று கேள், ஈசிஜி எடு. இரண்டையும் எழுது, ஒன்றை மட்டும் எழுதாதே.

அடுத்தது ட்ரயல் (நோயாளிகளில் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு) வாசிக்கிற கேள்வி. எங்கள் பற்ச்சில் பாதிப் பேர் இதைத் தொடாமல் விட்டார்கள், அது மடத்தனம், இதுதான் இருப்பதிலேயே லேசான மார்க்ஸ். ஒரேயொரு ட்ரயலை எடுத்து எலும்பு வரைக்கும் படியுங்கள். நான் எடுத்தது 2020-இல் வந்த டப்பா-சிகேடி. டப்பாக்லிஃப்லோசின் சீனி வருத்த மருந்தாக வந்தது, சீனி இல்லாதவர்களின் சிறுநீரகத்துக்கும் உதவுமா என்பதுதான் கேள்வி. 4304 பேர், பாதிக்கு மருந்து, பாதிக்குப் பிளசிபோ (மருந்தில்லாப் போலி மாத்திரை), ஏறத்தாழ 2.4 வருடம். சிறுநீரகம் பாதிக்கு மேல் விழுவது, முற்றாகச் செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ சாவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் பிளசிபோவில் 14.5 வீதம், மருந்தில் 9.2 வீதம். ஹசார்ட் ரேஷியோ (பிளசிபோவோடு ஒப்பிட்ட ஆபத்து விகிதம்) 0.61.

இதில் "39 வீதம் பேர் தப்பினார்கள்" என்று எழுதினால் முடிந்தது கதை. 39 என்பது (1-இல் 0.61 போக வருவது) ஒப்பீட்டுக் குறைவு. ஆளைப் பிடித்துக் கணக்குப் பார்த்தால் 14.5-இல் 9.2 போக 5.3. நூறு பேருக்கு ஐந்து பேர். ஒன்றை 0.053-ஆல் வகுத்தால் 19, அதாவது அந்த 2.4 வருட அளவுக்கு 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தடுக்கலாம். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாத 19-க்கு அர்த்தம் இல்லை. (ஆமாம், இதுவும் அலகுதான். சொன்னேன் அல்லவா.) தொடக்கத்தில் இந்த மருந்து வடிகட்டலைக் கொஞ்சம் இறக்கும், பிறகுதான் காக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ரிப்பீட் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) என்னைக் காப்பாற்றியதும் இதே ட்ரயல்தான். எந்த ஊர் என்று சேர் கேட்டார். திருகோணமலை என்றேன். "அப்படியென்றால் பதவி சிறிபுரவில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வந்த ஒரு விவசாயிக்கு இந்த ட்ரயலை வைத்து மருந்து எழுதுவீரா?" என்றார். வயிறு கலங்கியது. ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியை நான் படித்திருந்தேன்: வடிகட்டல் 25 முதல் 75 வரை, சிறுநீரில் அல்புமின்–கிரியட்டினின் விகிதம் (புரதம் எவ்வளவு போகிறது என்ற அளவு) 200-க்கு மேல். எங்கள் மாவட்டத்து எல்லையிலும் வடமத்திய மாகாணத்திலும் வயல்காரருக்கு வரும் அந்த நோய் குழாய்களையும் இடைத் திசுவையும் அரிக்கிறது, புரதம் பெரும்பாலும் கொஞ்சம்தான் போகும். அப்படியானவர்களில் அதிகம் பேர் இந்த ட்ரயலின் வாசலையே தாண்டியிருக்க மாட்டார்கள். "நேரடியாகப் பொருத்த முடியாது சேர், புரதம் எவ்வளவு போகுது எண்டு முதல்ல பார்ப்பன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வெளியே வந்து கன்டீனில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

எப்படிப் படித்தேன் என்று கேட்கிறீர்கள். தனியாக. குப்பிக்குப் (மாணவர்களே கூடிச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு) போனால் எனக்கு எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து வெள்ளைப் பேப்பரை விரித்தால் ஒன்றும் வராது. உங்களுக்குக் குப்பி சரிவருமென்றால் போங்கள், நான் மறிக்கவில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி ஒரு கணக்கு, கையால், கல்குலேட்டர் இல்லாமல் முதலில் குத்துமதிப்பாக, பிறகு சரியாக. ஆறு மணிக்குக் கோட்டைக்குள் நடை. அங்கே மான்கள் குப்பையில் சொப்பிங் பையைத் தின்றுகொண்டிருக்கும், அதைப் பார்க்க மனம் கெட்டுவிடும், அதனால் பிறகு டச்சுக் குடாப் பக்கம் மாற்றிக்கொண்டேன். கடைசி வாரம் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை, பழைய பேப்பர்களில் அலகுகளுக்கு மட்டும் வட்டம் போட்டேன்.

கொப்பியை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னவர்களுக்கு: இன்றிரவு அனுப்புகிறேன். சூத்திரம் இருக்கிற பக்கத்தில் அம்மாவின் மீன்குழம்பு கொட்டிக் கறை பிடித்திருக்கிறது. அங்கே இருப்பது 1.23; அதை 1.28 என்று வாசித்துவிட்டு நாளைக்கு என்னிடம் வராதீர்கள்.