பழுப்பு

ஜூன் 3
காயத்தை ஒட்டி மூடுவதற்காக ஆய்வகத்தில் நான் செய்துபார்க்கும் பசை இன்றும் பழுப்பேறிவிட்டது. நேற்று மாலை வெளிர்மஞ்சளாக மூடி வைத்த குப்பி, காலையில் கொதித்துக் கொதித்துக் கறுத்த தேநீர்போல் இருந்தது.

ஜூன் 4
அம்மாவுக்குத் தையல் பிரித்த இடத்தில் கசிவு நிற்கவில்லை என்று அண்ணன் சொன்னான்.

ஜூன் 6
பாறையில் ஒட்டி வாழும் சிப்பியினமான கடல் ஆளியின் ஒட்டுப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதை உயிர்வேதியியலாளர் ஹெர்பர்ட் வெயிட் 1981-இல் வெளியிட்டார். எண்ணிட்டு அழைக்கப்படும் ஆளிப் புரதங்களில், பாறையைத் தொட்டு நிற்கும் ஐந்தாம் புரதத்தின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு டோபாதான் என்பது பிறகு தெரியவந்தது. டோபாவில் ஒட்டும் வேலையைச் செய்யும் கேட்டிகால் என்ற பகுதியை, இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானில் இணைத்துவிட்டால் ஈரத்தில் ஒட்டும் பசை கிடைத்துவிடும் என்று ஆய்வின் முதலாண்டில் நான் நம்பியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒட்டுவதற்கு வேண்டிய அதே கேட்டிகால்தான் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றமடைந்து குயினோன் என்ற வடிவமாகி, தனக்குள்ளேயே பிணைந்துகொண்டு, குப்பியிலேயே பசையை இறுக்கிவிடுகிறது. ஈரத் தோலைப் பற்றுவதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜூன் 7
நைட்ரஜன் செலுத்தி மூடினேன். பழுப்பு.

ஜூன் 10
அத்தை வாழைப்பூவைக் கள்ளன் நீக்கி நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார். உரித்துக் கொடுத்த என் விரல் நுனிகள் கறுத்துவிட்டன. மோரின் புளிப்பில், தண்ணீருக்குள் கிடந்த பூ கறுக்கவில்லை. சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான். ஆளியும் தன் காலைப் பாறையில் அழுத்தி மூடி, உள்ளே அமிலச் சூழலை உண்டாக்கிக்கொண்ட பிறகே புரதத்தைச் சுரக்கிறது; குயினோனாகிவிட்டதையும் ஆறாம் புரதத்திலுள்ள தயோல்கள் என்ற கந்தகத் தொகுதிகள் மீண்டும் டோபாவாக மீட்டுத் தருகின்றன. கால் விலகியதும், பிஎச் 8 அளவில் சற்றுக் காரமாக உள்ள கடல்நீர் பட்டுப் பசை மெல்ல இறுகுகிறது. நானோ, காயத்தில் எரியக் கூடாதே என்று, குப்பியில் ஊற்றும்போதே கரைசலை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

ஜூன் 13
பிஎச் 5-இல் வைத்த குப்பி மூன்று நாளாகியும் நிறம் மாறவில்லை. ஆனால் ஒட்டவும் இல்லை. பசை தடவிச் சேர்த்த பன்றித் தோல் துண்டுகள், ஒட்டின் வலுவை அளக்கும் இழுவைக் கருவியில் மாட்டுவதற்கு முன்பே என் கையில் வழுக்கிக்கொண்டு பிரிந்தன.

ஜூன் 14
அம்மாவுக்குக் கசிவு குறைந்திருக்கிறது. கட்டு மாற்றும்போது துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டதாம். ஒட்டக் கூடாதது மட்டும் எப்படித்தான் இவ்வளவு எளிதாக ஒட்டுகிறதோ!

ஜூன் 17
அமிலத்தில் வைத்திருந்த பசையை ஈரத் தோலில் தடவி, இரண்டு துண்டுகளையும் சேர்த்து அழுத்தி, அதன்பின் பிஎச் 8 நீரில் மூழ்க வைத்தேன். ஒரு மணி நேரத்தில் விளிம்பை ஒட்டி நூலளவு பழுப்பு தெரிந்தது. அதற்கு உள்ளே இன்னும் வெளிர்மஞ்சள்தான். காலைவரை இழுத்துப் பார்க்கக் கூடாது.